முழங்கால் வலியும் மூன்று அங்குலமும்

ஆடி மாதம் தமிழக எல்லையோரக் கோபாலபுரத்திலிருந்து பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறைக்கு சைக்கிளில் போகிறவர்களுக்குக் காற்றைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு இடைவெளி விட்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே நுழைந்து எங்கள் தென்னந்தோப்புகளை உலுக்கிவிட்டுப் பொள்ளாச்சிப் பக்கம் போகிறது. கேரள மின்வாரியம் 1995-லேயே கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளை நட்டது இந்தக் காற்றை நம்பித்தான். காலையில் தையல் கடைக்குப் போகும்போது எனக்கு எதிர்காற்று. சாயங்காலம் அதே காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விட்டுவிடும்.

முழங்கால் வலி அந்த எதிர்காற்றில்தான் தொடங்கியது. முட்டிச் சில்லுக்குப் பின்னால், எங்கே என்று விரல் வைத்துக் காட்ட முடியாத வலி. சமதரையில் நடந்தால் தெரியாது. படி இறங்கும்போதும், வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போதும் குத்தும். கடையில் இருப்பது காலால் மிதிக்கும் தையல் மிஷின். ஆக, சைக்கிளில் மிதித்துப் போய், அங்கேயும் மிதித்து, திரும்பவும் மிதித்து வர வேண்டும். கால்களுக்கு ஓய்வு என்பது கஸ்டமருக்கு அளவு எடுக்கும் நேரம் மட்டும்தான்.

தெருவில் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: “நாற்பதைத் தாண்டியாகிவிட்டது, இனி எதற்கு சைக்கிள்? ஸ்கூட்டர் வாங்கிக்கொள் அக்கா.” எனக்கு இது பிடிக்கவில்லை. பெட்ரோல் செலவு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நினைத்த நேரத்தில் யாரையும் எதிர்பார்க்காமல் கிளம்பிப் போகும் சுதந்திரம் எனக்கு இந்த சைக்கிளோடுதான் வந்தது. வலிக்குக் காரணம் வயதுதான் என்று யாராவது சோதித்துப் பார்த்துச் சொல்லட்டும், அதுவரை விடுவதில்லை என்று இருந்தேன்.

சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு வேறொரு காயத்தால் வந்தது. என் லேடீஸ் சைக்கிளில் செயின் கவர் எப்போதோ கழன்று போய்விட்டது. பாலத்துக்குப் பக்கத்தில் எதிரே மாட்டுவண்டி வந்ததால் சட்டென்று நிறுத்திக் காலை ஊன்றினேன். பல்சக்கரம் வலது கெண்டைக்காலில் வரிசையாகக் குத்தி இழுத்துவிட்டது. ரத்தம் கொஞ்சம்தான். ஆனால் ஒவ்வொரு குத்திலும் கறுப்பு கிரீஸ்.

இந்த மாதிரிக் காயத்துக்கு எங்கள் பக்கம் காபித்தூளை அப்புவார்கள், கிரீஸ் போக மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள். இரண்டுமே கூடாது. தூள் காயத்துக்குள் அழுக்காகவே தங்கும், மண்ணெண்ணெய் தோலை வேகவைத்துவிடும். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு நிறைய நேரம் கழுவுவதுதான் பாதி வைத்தியம். சுற்றியுள்ள நல்ல தோலில் ஒட்டிய கிரீஸைத் தேங்காய் எண்ணெய் தொட்டு துடைத்தால் வந்துவிடும். காயத்துக்குள் எண்ணெய் போக விடக்கூடாது. மண்ணோ கிரீஸோ உள்ளேயே தங்கிவிட்டால், ஆறிய பிறகும் பச்சை குத்தியதுபோல் கறை நிற்கும்.

கழுவிவிட்டு அரசு சுகாதார மையத்துக்குப் போனேன். ஓ.பி. சீட்டு எடுத்து வரிசையில் நின்றதுதான் நீளம், மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. கடைசியாக எப்போது ரணஜன்னியைத் (டெட்டனஸ்) தடுக்கும் டி.டி. ஊசி போட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். அழுக்கு சேர்ந்த காயமாக இருந்து, கடைசி ஊசி போட்டு 5 ஆண்டுகள் தாண்டியிருந்தால் இன்னொன்று போட வேண்டுமாம். ரணஜன்னி துருவால் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருப்பது. காற்றுப் புகாத ஆழமான குத்துக்காயத்தில் வளர்வது. வீட்டுக்கு வீடு கறவை மாடு கட்டியிருக்கும் எங்கள் ஊர்ச் சாலையில் அதற்குப் பஞ்சமா?

சிஸ்டர் மருந்து தடவித் துணி வைத்துக் கட்டினார். காற்றாட விட்டால்தான் காயும் என்று வீட்டில் மாமியார் அதைப் பிரிக்கச் சொன்னார். இந்த ஒரு விஷயத்தில் சிஸ்டர் பக்கம் நின்றேன். மூடி ஈரப்பதத்தோடு வைத்த காயத்தில் புதுத்தோல் வேகமாக மூடுகிறது என்று ஜார்ஜ் விண்டர் 1962-லேயே பன்றிகளிடம் சோதித்துக் காட்டியிருக்கிறார். கட்டை மாற்றியபோதெல்லாம் பொருக்குத் தட்டாமல் இளஞ்சிவப்பாகத் தோல் மூடி வந்ததை மாமியாரும் பார்த்தார். அவருக்குச் சர்க்கரை உண்டு. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பதால், சின்னக் கீறல் விழுந்தால்கூட அவருக்குத் தெரியாது. தினமும் இரவு அவர் பாதங்களைப் பார்க்கும் வழக்கம் எங்கள் வீட்டில் அன்றிலிருந்துதான் வந்தது.

கட்டு போட்டு முடித்ததும் முழங்காலைப் பற்றியும் சொன்னேன். டாக்டர் மடக்கி நீட்டிப் பார்த்தார். வீக்கம் இல்லை, மூட்டு பூட்டிக்கொள்வதில்லை, நடக்கும்போது நழுவுவதில்லை என்று உறுதி செய்துகொண்டு சித்தூரில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். அந்தப் பெண் என் காலைத் தொடும் முன்பே கேட்ட கேள்வி இது: “சைக்கிளில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிகிறதா?” பதிகிறது என்றேன். “அப்படியானால் சீட் உங்களுக்குத் தாழ்வு.”

கடையில் சைக்கிள் கொடுக்கும்போது பெண்களுக்கு அப்படித்தான் வைத்துக் கொடுக்கிறார்கள். விழாமல் இருக்க அது பாதுகாப்பு. ஆனால் சீட் தாழ்ந்தால் முழங்கால் ஒவ்வொரு மிதிக்கும் அளவுக்கு மீறி மடங்குகிறது, மடங்கிய நிலையிலேயே பலத்தைக் கொடுக்கிறது. முட்டிச் சில்லு தொடை எலும்போடு அழுந்துகிறது. எதிர்காற்றில் அந்த அழுத்தம் இன்னும் ஏறும். கியர் இல்லாத வண்டியில் மிதியை லேசாக்கிக்கொள்ளவும் வழி இல்லை. அதிகமாக உயர்த்தினாலும் தப்பு: இடுப்பு இரு பக்கமும் ஆடும், முழங்காலுக்குப் பின்புறமும் குதிகால் தசைநாணும் வலிக்கும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருந்தால் சரி என்றார்.

டிகிரியை நான் எங்கே போய் அளப்பது? அவர் எளிய வழி சொன்னார். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் நேராக உட்கார்ந்து, அடியில் இருக்கும் பெடல் மேல் குதிகாலை வைத்தால் கால் முழுதாக நீள வேண்டும். மிதிக்கும்போது பாதத்தின் முன்பகுதி பெடலில் இருப்பதால், வேண்டிய மடிப்பு தானாகக் கிடைத்துவிடும். இன்னொரு கணக்கும் இருக்கிறது. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை மூன்று முறை வென்ற கிரெக் லெமண்ட் பெயரால் வழங்குவது. உள்கால் அளவை (கவட்டிலிருந்து தரை வரை) 0.883-ஆல் பெருக்கினால், பெடல் தண்டு சுழலும் அச்சிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் வருமாம்.

உள்கால் அளவு! பேன்ட் தைக்க தினமும் நான் எடுக்கும் அளவு அது. ஊருக்கெல்லாம் அரை அங்குலம் பிசகாமல் தைக்கிறோம், நம்மைச் சுமக்கும் வண்டிக்கு யாரும் அளவு பார்ப்பதில்லையே என்று அன்று மனசு பொறுக்கவில்லை. கடைக்கு வந்து கண்ணாடி முன் வெறுங்காலோடு நின்று, டேப்பின் மறுமுனையைப் பக்கத்துக் கடைப் பெண்ணிடம் கொடுத்து அளந்தேன். 28 அங்குலம். பெருக்கினால் 24¾-க்குக் கொஞ்சம் குறைவு. என் சீட் நின்ற உயரம் 21.

சைக்கிள் கடை அண்ணனுக்கு இதில் உடன்பாடில்லை. “கால் எட்டாமல் சாய்ந்துவிடுவாய் அம்மிணி” என்றார். சீட் கம்பியும் துருப்பிடித்து இறுகியிருந்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்துத்தான் அசைக்க முடிந்தது. கம்பியில் ஒரு கோடு பொறித்திருக்கும். அது வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தினால் கம்பி வளையலாம், முறியலாம். முதலில் அதைப் பார்த்துக்கொண்டு, அரை அங்குலம் ஏற்றி சில நாள் ஓட்டி, பழகிய பிறகு அடுத்த அரை அங்குலம் ஏற்றினோம். லெமண்டின் கணக்கு குனிந்து ஓட்டும் பந்தய வீரர்களுக்கானது. நிமிர்ந்து உட்கார்ந்து சந்தைச் சாலையில் போகும் எனக்கு 24 அங்குலத்தில் குதிகால் சோதனை ஒத்துவந்தது. அங்கேயே நிறுத்திவிட்டேன்.

நிறுத்துவதைப் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. உயர்ந்த சீட்டில் இருந்தபடியே காலை ஊன்ற முடியாது. பிரேக் பிடித்துக்கொண்டே சீட்டிலிருந்து முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்ற வேண்டும். பழகும் நாட்களில் சாலையோரச் சரளையில் கணுக்கால் பிசகியது. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ல் வகுத்த விதி ஒன்று உண்டு. கணுக்கால் எலும்பின் பின்விளிம்பிலோ நுனியிலோ, பாதத்தில் சுண்டுவிரல் பக்க எலும்பின் அடியிலோ, உட்புற வளைவின் எலும்பிலோ அழுத்தினால் வலிக்காமல், நான்கு அடி எடுத்து வைக்கவும் முடிந்தால் பெரும்பாலும் எக்ஸ்ரே தேவையில்லை. டாக்டர் அப்படித்தான் அழுத்திப் பார்த்து, நடக்கச் சொல்லி, அனுப்பிவிட்டார். முறிவெண்ணெய் போட்டு உழிந்துவிட (அழுத்தி நீவிவிட) அண்டை வீட்டுச் சேச்சி கிளம்பினார். அந்த எண்ணெய் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் வீக்கம் இருக்கும் முதல் நாட்களில் உழியக்கூடாது. மேலாகத் தடவ மட்டும் விட்டேன்.

முழங்காலுக்குப் பயிற்சிகள்: மல்லாந்து படுத்து காலை மடக்காமல் தூக்கிப் பிடிப்பது, சுவரில் முதுகைச் சாய்த்து அரை உட்காரல். சலிப்பான வேலைதான். தொடையின் முன்தசை வலுத்தால் முட்டிச் சில்லுக்குப் பாரம் குறையும் என்பதால் விடாமல் செய்தேன். தையல் மிஷின் ஸ்டூலையும் உயர்த்திக்கொண்டேன். புரட்டாசியில் படி இறங்கும் வலி குறைந்தது. மார்கழியில் காற்று திசை மாறி, சாயங்காலத்தில் கிழக்கிலிருந்து முகத்தில் அடித்தபோது கால் தாங்கியது. பலத்த காற்றில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கிறேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு எந்த வலிக்கும் சீட்டை ஏற்றிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். மூட்டு வீங்கினால், பூட்டிக்கொண்டால், ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவிக் காய்ச்சல் வந்தால், அன்றே டாக்டரைப் பாருங்கள்.

இப்போது அளவு கொடுக்க வரும் பெண்கள் சைக்கிளில் வந்திருந்தால், அவர்கள் கேட்காமலே உள்கால் அளவையும் எடுத்து எழுதிக் கொடுக்கிறேன். என் வண்டிக்குச் செயின் கவர்தான் இன்னும் அமையவில்லை. பழைய மாடலாம். பொள்ளாச்சியில் ஒரு கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரை வலது பேன்ட் காலை எலாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறேன்.