கேனுலா போட்ட கையைப் பார்த்தல்: எங்கள் வார்டின் ஆய்வை இணையவழி உரையாக்கிய அனுபவம்

பொது மருத்துவ வார்டில் "சிஸ்டர், ஊசி போட்ட இடம் வலிக்குது" என்ற குரலைக் கேட்காத நாளே இருக்காது. மருந்து ஏற்ற இரத்தநாளத்தில் செருகியிருக்கும் சிறு குழாயான கேனுலாவை எடுத்துவிட்டு வேறு இடத்தில் போடுவோம். அதோடு அந்த வலி யாருடைய கணக்கிலும் சேராமல் போய்விடும். அதைக் கணக்கில் கொண்டுவர எங்கள் வார்டில் எடுத்த முயற்சியைப் பற்றி, பல மருத்துவமனைகளின் செவிலியர்கள் மாதந்தோறும் இணையத்தில் கூடிக் கேட்கும் உரை வரிசையில் சென்ற ஆண்டு பேசினேன். இதே வழியில் வர விரும்பும் செவிலியர்களுக்காக அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

முதலில் எங்களுக்குத் தேவைப்பட்டது பொதுவான ஓர் அளவுகோல். ஒருவர் "லேசான வீக்கம்" என்று எழுதியதை அடுத்த பணிநேரத்தில் வருபவர் "வீக்கமில்லை" என்று எழுதினால், எது குறைந்தது, எது கூடியது என்று எப்படிச் சொல்ல முடியும்? இங்கிலாந்தைச் சேர்ந்த செவிலியர் ஆண்ட்ரூ ஜாக்சன் 1998இல் வெளியிட்ட, கேனுலா போட்ட இரத்தநாளத்தின் அழற்சியைப் பார்த்து அளக்கும் விஐபி (Visual Infusion Phlebitis) மதிப்பெண் முறையை எடுத்துக்கொண்டோம். வலி, சிவத்தல், வீக்கம், இரத்தநாளம் கயிறுபோல் தடித்திருத்தல், காய்ச்சல் ஆகியவற்றைப் பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் இடும் முறை அது. 2 வந்தாலே கேனுலாவை எடுத்துவிட வேண்டும். ஒரே கையை இரண்டு செவிலியர்கள் தனித்தனியாகப் பார்த்து மதிப்பெண் எழுதி, வேறுபட்ட இடங்களில் நோயாளியின் அருகிலேயே நின்று காரணத்தைப் பேசினோம். இந்த முயற்சி முழுவதிலும் நாங்கள் மிகுதியாகக் கற்றுக்கொண்டது அந்தப் பேச்சுகளில்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

பணித்தர மேம்பாட்டுக்காகச் செய்ததுதானே என்று எண்ணாமல், வெளியே பகிரும் எண்ணம் வந்தவுடனேயே செவிலியர் கண்காணிப்பாளர் வழியாக, ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பித்தோம். ஆபத்து மிகக் குறைவான ஆய்வுகளில், தகுந்த காரணம் இருந்தால், நோயாளிகளின் தனித்தனி ஒப்புதலிலிருந்து விலக்கு அளிக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் குழுவுக்கு இடம் தருகின்றன. ஆனால் உரையில் காட்டும் கைகளின் படங்களுக்கு எழுத்து மூலம் ஒப்புதல் பெற்றோம். முகம் தெரியாவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் பலரின் முன்கையில் பெயரே பச்சை குத்தப்பட்டிருக்கும், கேனுலா போடும் இடமும் அதுதான். அப்படிப்பட்ட படங்களை முற்றிலும் விலக்கினோம்.

உரைக்கு 20 நிமிடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். ஒத்திகையைக் கேட்ட மூத்த ஆசிரியை ஒருவர், அழற்சி எவ்வளவு என்பதை நோயாளிகளின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடாமல், கேனுலா கையில் இருந்த மொத்த நாட்களைக் கொண்டு கணக்கிடச் சொன்னார். பத்து நாள் படுத்திருப்பவரையும் ஒரே நாளில் வீடு திரும்புபவரையும் ஒன்றாக எண்ணினால் உண்மை தெரியாது அல்லவா? மேலும், மதிப்பெண் முறையைத் தொடங்கிய அதே காலத்தில் ஒளி ஊடுருவும் ஒட்டுப்பட்டையும் வார்டுக்கு வந்திருந்ததால், வீக்கம் குறைந்ததற்கு எது காரணம் என்று பிரித்துச் சொல்ல இயலாது என்பதை ஒரு தனிச் சட்டகத்திலேயே (ஸ்லைடு) எழுதிவைத்தேன்.

மூன்றாம் நாள் ஆனால் கேனுலாவை மாற்றியே தீர வேண்டும் என்பது பல இடங்களில் பழக்கம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் செவிலிய ஆய்வாளர் கிளேர் ரிக்கார்ட் தலைமையில் 3,283 நோயாளிகளிடம் நடந்து, 2012இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, மூன்றாம் நாளில் மாற்றியவர்களிடமும் அறிகுறி தோன்றும்போது மட்டும் மாற்றியவர்களிடமும் இரத்தநாள அழற்சி ஒரே அளவில், 7 விழுக்காடாக, இருந்தது என்று காட்டியது. நோயாளிக்கு ஓர் ஊசிக்குத்து மிச்சமாகிறது. ஆனால் ஒவ்வொரு பணிநேரத்திலும் கையைக் கவனமாகப் பார்ப்பவர் இருந்தால்தான் இதை நம்பி நடக்கலாம். எங்கள் மதிப்பெண் முறையின் பொருளே அதுதான் என்று உரையில் அழுத்திச் சொன்னேன்.

பிற்பகல் பணிமாற்றத்துக்குப் பின் உரை தொடங்கியது. பெரும்பாலோர் கைப்பேசியில் கேட்பவர்கள் என்பதால் ஒரு சட்டகத்துக்கு நான்கு வரிக்கு மேல் வைக்கவில்லை. சட்டகங்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும் பேச்சு தமிழில்தான். பெயரில்லாத ஒரு நோயாளியின் நிலையை முதலில் சொல்லி, கேட்பவர்களையே மதிப்பெண் இடச் செய்தேன். 2003இல் நியூ மெக்சிகோவில் மருத்துவர் சஞ்சீவ் அரோரா தொடங்கிய எக்கோ திட்டம், நோயாளியின் நிலையை நடுவில் வைத்து எல்லோரையும் பேசவைக்கும் இந்த முறையை உலகெங்கும் பரப்பியிருக்கிறது. கேட்பவர் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதுதான் அதன் வலிமை.

அப்போது வேறொரு மருத்துவமனையின் இளம் செவிலியர் ஒரு கேள்வி கேட்டார்: "அக்கா, கறுத்த தோலில் சிவப்பு தெரியாதே, அங்கே எப்படி மதிப்பெண் போடுவது?" நாங்கள் கைகளைப் பார்த்துப் பேசியபோது கருத்து வேறுபட்டதெல்லாம் பெரும்பாலும் இந்தச் சிவப்பில்தான். வெப்பத்தையும் கடினத்தன்மையையும் தொட்டுப் பார்க்க வேண்டும், மறு கையோடு ஒப்பிட வேண்டும், வலியைப் பற்றி வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்று பலரும் தங்கள் அனுபவத்தைச் சொன்னார்கள். மாநாடாக இருந்திருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். இது மாதந்தோறும் நடப்பதால், அடுத்த மாதம் அதே செவிலியர் தம் வார்டில் தொட்டுப் பார்ப்பதற்கென ஒரு கட்டம் சேர்த்த படிவத்தோடு வந்தார். நாங்களும் அதை எடுத்துக்கொண்டோம்.

இப்போது இரண்டு வார்டுகளும் அந்தப் படிவத்தையே நிரப்புகின்றன. பொட்டாசியம் கலந்த திரவம் ஏறும் கைகளை மட்டும் தனியே கவனித்துப் பார்க்க, இரு மருத்துவமனைகளின் நெறிமுறைக் குழுக்களிடமும் விண்ணப்பித்திருக்கிறோம். அனுமதி கிடைத்தால், அதைப் பற்றிய உரையை அந்த இளம் செவிலியர்தான் வழங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.