ஒரு நாள் குஞ்சில் பெட்டை எது, சேவல் எது?

"இறக்கையைப் பார்த்தே பெட்டையா பொறுக்கித் தர்றேன்" என்று யாராவது நாட்டுக்கோழிக் குஞ்சை விற்றால் நம்பி வாங்காதீர்கள். இறக்கை பார்ப்பது பொய்யான முறை அல்ல. ஆனால் அதற்கென்றே ஜோடி சேர்த்து எடுத்த குஞ்சுகளில்தான் அது பலிக்கும்.

இறகு வேகமாக முளைப்பதும் தாமதமாக முளைப்பதும் ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்யும் குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணுவைப் பொறுத்தது. வேகமாக முளைக்கும் வகைச் சேவலை, தாமதமாக முளைக்கும் வகைப் பெட்டையோடு சேர்த்தால், பெட்டைக் குஞ்சுகளுக்கெல்லாம் இறகு வேகமாகவும் சேவல் குஞ்சுகளுக்கெல்லாம் தாமதமாகவும் வரும். ஜோடியை மாற்றிப் போட்டால் பலிக்காது. அந்தக் குஞ்சுகளையே வளர்த்து அடுத்த தலைமுறை எடுத்தாலும் இரண்டு பாலிலும் இரண்டு விதமும் கலந்துவிடும். கலந்து மேயும் நாட்டுக்கோழியில் இது ஏன் உதவாது என்பது இதிலிருந்தே புரியும்.

சரியான ஜோடியின் குஞ்சு என்றால், பொரித்து உடம்பு காய்ந்ததும் முதல் நாளிலேயே பாருங்கள். குஞ்சைத் தளர்வாகப் பிடித்து, இறக்கை நுனியை விசிறி போல விரித்து வெளிச்சத்தில் காட்டுங்கள். இரண்டு வரிசைக் குருத்துகள் தெரியும். கீழ்வரிசை தெளிவாக நீண்டு, மேல்வரிசை குட்டையாக இருந்தால் பெட்டை. இரண்டும் ஒரே நீளமாகவோ, மேல்வரிசை நீண்டோ இருந்தால் சேவல். மூன்று நாள் கடந்தால் சேவலுக்கும் கீழ்வரிசை வளர்ந்துவிடும். தவறு பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

நிறத்தை வைத்தும் பிரிக்கலாம். ரோட் ஐலண்ட் ரெட் சேவலையும் வரியிறகு பிளைமவுத் ராக் பெட்டையையும் சேர்த்தால், உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டோடு பொரிப்பவை சேவல். தலை முழுக்கக் கறுப்பாக இருப்பவை பெட்டை.

ஆசனவாயைப் பிதுக்கிப் பார்க்கும் முறை 1920-களில் ஜப்பானில் கியோஷி மசூயி போன்ற ஆய்வாளர்கள் வகுத்தது. தேடுவது சேவல் குஞ்சுக்கு இருக்கும் ஊசித்தலை அளவுள்ள ஒரு மேடு. பெட்டைக் குஞ்சு சிலவற்றிலும் சின்ன மேடு இருக்கும். பயிற்சி இல்லாத கை அழுத்தினால் வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள்கரு உடைந்து குஞ்சு செத்துப்போகும். வீட்டில் தயவுசெய்து வேண்டாம்.

முட்டை கூராக இருந்தால் சேவல், உருண்டையாக இருந்தால் பெட்டை என்பதிலும் உண்மை இல்லை. குஞ்சின் பாலை முடிவு செய்வது தாய்க்கோழி தரும் குரோமோசோம். ஓடு உருவாகும் முன்பே அது முடிந்துவிடுகிறது.

ஆகவே நாட்டுக்கோழியில் காத்திருப்பதே வழி. ஆறு வாரம் வாக்கில், ஒரே ஈட்டுக் குஞ்சுகளை அருகருகே வைத்துக் கொண்டையைப் பாருங்கள். சேவலுக்குக் கொண்டை அகன்று சிவக்கத் தொடங்கும், கால் தடிக்கும். பெருவிடை என்ற பெரிய உடல் நாட்டுக்கோழி வகையில் கொண்டை சிறியது என்பதால் இது ஏமாற்றும். சந்தேகமானதற்குக் காலில் வளையம் போட்டு (கால் தடிக்கத் தடிக்க வளையத்தைத் தளர்த்த வேண்டும்) பத்து, பன்னிரண்டு வார வயது வரை விடுங்கள். பிறகு வாலுக்கு முன்னால் முதுகு இறகை விலக்கிப் பார்த்தால், சேவலுக்கு ஒடுங்கிக் கூர்மையாகப் பளபளக்கும். பெட்டைக்கு நுனி உருண்டிருக்கும். இந்த அடையாளம் அநேகமாகத் தவறாது.

பிரிக்காத குஞ்சு 10 வாங்கினால் 5 பெட்டை தேறும் என்று எண்ண வேண்டாம். ஏறக்குறைய ஆறில் ஒரு முறை மூன்றோ அதற்கும் குறைவோதான் வரும். 5 பெட்டை வேண்டுமென்றால் 14 குஞ்சு எடுங்கள், பத்தில் ஒன்பது முறை சரியாக இருக்கும். சாகும் குஞ்சுகளுக்கான கணக்கு தனி.