மேடை விளக்கு அணைந்த பிறகு

திறந்தவெளி இசை விழாவின் கடைசிப் பாட்டு ஓய்ந்தபின் அந்தப் புல்வெளியில் நடந்தவர்களுக்குத் தெரியும், நசுங்கிக் கிடக்கும் கோப்பைகளைவிடத் தொல்லை தருபவை கண்ணில் எளிதில் படாத சிறு பொருள்களே என்பது. சிகரெட்டின் அடித்துண்டைப் பஞ்சு என்றே பலரும் நினைக்கிறோம். அது செல்லுலோஸ் அசிடேட் என்னும் பிளாஸ்டிக். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழா நடப்பது ஒரு பால் பண்ணையில் என்பதால், மண்ணில் மறந்துவிட்ட கூடார முளை, பின்னர் மேய வரும் பசுவின் வயிற்றுக்குள் போய்விடக்கூடும். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களின் விற்பனையை அவ்விழா 2019இல் நிறுத்தியது. கோப்பைக்கு முன்பணம் வாங்கித் திருப்பித் தரும் ஏற்பாடு எனக்கு இன்னும் பிடிக்கும். பிறர் வீசிய கோப்பைகளையும் பொறுக்கி அடுக்கிக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறேன். கொள்கைக்காக அல்ல, காசுக்காகத்தான்.