அப்பாவின் நம்பர்

ஆகஸ்ட் 18, 2025, திங்கள்

காலையில் ஆறரை பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது கேஸ்காரத் தம்பி வந்துவிட்டான். சிலிண்டரை வாசலில் உருட்டி வைத்துவிட்டு, "அண்ணாச்சி, ஃபோனுக்கு நம்பர் வந்துருக்கும், சொல்லுங்க" என்றான். எனக்கு எதுவும் வரவில்லை. வந்தது அப்பாவுக்கு.

அப்பா தை மாதம் போய்ச் சேர்ந்தார். அவர் ஃபோன் பீரோவில், கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூன்று நாளைக்கு ஒரு தடவை அம்மா எடுத்துச் சார்ஜ் போடுவாள். அதற்கு மேல் அதைத் தொடமாட்டாள். அடித்தாலும் எடுக்கமாட்டாள். நான் போய்ப் பார்த்து நம்பரைச் சொன்னபிறகுதான் சிலிண்டர் அடுப்படிக்குள் வந்தது. பஸ் போய்விட்டது.

அதே ஃபோனில் இன்னொரு செய்தியும் கிடந்தது. ரீசார்ஜ் 23-ஆம் தேதியோடு முடிகிறதாம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். கேஸ், ரேஷன் கார்டு, கரண்டு பில், கூட்டுறவுக் கடன், அம்மாவும் அப்பாவும் சேர்ந்து வைத்திருக்கும் பேங்க் கணக்கு எல்லாமே அந்த ஒரு நம்பரில்தான். ஆளுக்கு இறப்புச் சான்றிதழ் வாங்கியாயிற்று, நம்பருக்கு வாங்க முடியாது. மூன்று மாதம் சும்மா கிடந்தால் நம்பர் போய்விடும், அப்புறம் அதையே வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். எவனோ ஒருவனுக்கு நம் வீட்டு ரேஷன் பருப்புக் கணக்கு போய்க்கொண்டிருக்கும்.

மாதம் என்றால் நமக்கு முப்பது நாள். ஃபோன் கம்பெனிக்காரனுக்கு இருபத்தெட்டு. அவன் பஞ்சாங்கத்தில் வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஃபோன் வந்து வாழ்க்கை நன்றாகிவிட்டதா என்று அச்சகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு சண்டை. கம்போசிங் அக்கா கெட்டுப்போச்சு என்கிறாள், அதையும் ரீல்ஸ் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

எனக்கு அப்பாவின் முதல் ஃபோன் ஞாபகம் வந்தது. 2004-இல் வாங்கிய நோக்கியா 1100. இந்தியாவில் முதல் செல்ஃபோன் பேச்சு 1995 ஜூலை 31-ஆம் தேதி, கல்கத்தாவிலிருந்து அப்போதைய மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு டெல்லிக்குப் பேசினார். அப்போதெல்லாம் வருகிற காலுக்கும் நாம்தான் காசு கொடுக்கவேண்டும். 2003-இல் அது போனபிறகுதான் எங்களை மாதிரி ஆட்கள் கடைப்பக்கம் எட்டிப்பார்த்தோம்.

அப்பா அந்த ஃபோனை வாங்கியது பேசுவதற்கு இல்லை என்றே சொல்வேன். அதன் உச்சியில் ஒரு டார்ச் உண்டு. மோட்டாருக்கு மும்முனைக் கரண்டு ராத்திரி ஒரு மணிக்கும் வரும், இரண்டு மணிக்கும் வரும். முன்னே அரிக்கேன் விளக்கைக் கரையில் வைத்துவிட்டு இருட்டில்தான் பாத்தி மாற்றுவார். ஃபோன் வந்தபிறகு அதைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் மண்வெட்டி பிடித்து மடை திறப்பார். வாழைக்குள் ஒரு சின்ன வெளிச்சம் குனிந்து குனிந்து போகும். அதன் ரப்பர் உறையில் அவர் பல் பதிந்த தடம் கடைசிவரை இருந்தது. கீழே கிடந்த கட்டுவிரியனை ஒரு தடவை மிதிக்காமல் தப்பியதும் அந்த வெளிச்சத்தில்தான். வாழ்க்கை முன்னேறியதா என்று யாராவது கேட்டால் நான் முதலில் அந்த டார்ச்சைத்தான் சொல்வேன்.

இரண்டாவது, விலை. கேரளத்து மத்தி மீன்காரர்களைப் பற்றி ராபர்ட் ஜென்சன் என்பவர் 2007-இல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார். கடலில் நின்றபடியே ஃபோனில் விலை கேட்டு, நல்ல விலை கிடைக்கிற கரைக்குப் படகைத் திருப்பினார்களாம். மீன் வீணாவது நின்றது, மீனவருக்கு லாபம் கூடியது, வாங்குகிறவருக்கும் விலை கொஞ்சம் இறங்கியது. உண்மைதான். ஆனால் வெட்டிய வாழைத்தாருக்கு ஏது படகு? களக்காட்டில் வெட்டிக் குவித்தபிறகு, "நாகர்கோவில்ல நாலு ரூபா கூட" என்று ஃபோனில் தெரிந்து என்ன பண்ண? வண்டி வாடகை அந்த நாலு ரூபாயைத் தின்றுவிடும். வியாபாரியிடமும் ஃபோன் இருக்கிறது, அவனுக்கு நாலு சந்தை விலை தெரியும். அப்பா சொல்வார்: "வெட்டுததுக்கு முன்ன கேளு. வெட்டுன பொறவு கேட்டா அவன் சொன்னதுதாம்ல விலை."

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஆவணி முகூர்த்த வேலை, ஆனால் முன்னே ஆயிரம் பத்திரிகை அடித்தவர்கள் இப்போது இருநூறு அடிக்கிறார்கள். மீதி வாட்ஸ்அப். அதோடு, "மாமாமாருக்கு நேர்ல போய்த்தான் வைக்கணும், இல்லன்னா கோவிச்சுக்கிடுவாவ" என்றும் சொல்கிறார்கள். எங்கள் பிழைப்பு இனி அந்த மாமாமார் கையில்.

ஆகஸ்ட் 23, சனி

ராத்திரி நல்ல காற்று. நாலைந்து மரம் சாய்ந்திருக்கும் என்கிறாள் அம்மா. முட்டு கொடுத்தது போதவில்லை.

கரண்டும் போய், டவரும் போய், ஒன்பது மணிக்கெல்லாம் வீடு பேச ஆரம்பித்தது. பேச்சு 2023 வெள்ளத்துக்குப் போனது. டிசம்பர் 17, ஞாயிறு. தை முகூர்த்தப் பத்திரிகை அவசரம் என்று நான் பாளையங்கோட்டையில் இருந்தேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய் எண்ணூறு பேர் மாட்டிக்கொண்டார்கள். தாமிரபரணி வெள்ளம் நெல்லை ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

வீட்டுக்கு அடித்தேன், அடித்தேன், "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்றே வந்தது. முந்தி நான் ஹாஸ்டலில் படித்த காலத்தில் பத்து நாள் கடிதம் வராவிட்டால்கூட யாரும் பதறியதில்லை. இப்போது மூன்று நாள் அந்தப் பெண் குரலையே கேட்டுக்கொண்டு, சோறு இறங்காமல் கிடந்தேன். நான்காம் நாள் களக்காட்டிலிருந்து வந்த பால் வண்டிக்காரர் ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்தார். காலண்டர் தாளின் பின்பக்கம், அப்பா கையெழுத்து: "எல்லாரும் சுகம். அரிசி இருக்கு. ரோடு சரியில்ல, வராண்டாம்."

அந்தத் தாள் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. அப்பா எனக்கு ஃபோனில் பேசியதில் ஒரு வரிகூட என்னிடம் இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையில் ரீசார்ஜ் போட்டேன். போட்ட பத்தாவது நிமிஷம் ஃபோன் அடித்தது. நான் குளிக்கப் போயிருந்தேன், பையன் தெருவில். அடித்து அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. ஈரத்துண்டோடு ஓடிவந்தால், அம்மா எடுத்துப் பேசிக்கொண்டிருக்கிறாள், பள்ளத்தாக்குக்கு அந்தப்பக்கம் நிற்கிறவனிடம் பேசுகிற மாதிரி.

கேரளத்து வியாபாரி. வருஷா வருஷம் ஓணத்துக்கு எங்களிடம் ஏத்தன் வாழைத்தார் எடுக்கிறவர். அப்பா போனது அவருக்குத் தெரியாது.

"அவிய இல்ல" என்றாள் அம்மா.

எப்போது வருவார் என்று கேட்டிருப்பார் போல. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "வரமாட்டாவ. தைல தவறிட்டாவ. நீங்க விலையச் சொல்லுங்க."

அவர் என்ன சொன்னாரோ, அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அது போன வருசத்து விலைலா?" என்றாள்.

புதன்கிழமை வண்டி அனுப்புவதாக அவர் சொன்னதற்கு, பிள்ளையார் சதுர்த்தி அன்றைக்குக் கத்தி வைக்கமாட்டேன், வியாழன் வாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அப்பா ஃபோனில் பெயரெல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது, என் பையன் போட்டுக்கொடுத்தது. அம்மா அவனை உட்கார்த்தி வைத்து எல்லாவற்றையும் தமிழுக்கு மாற்றச் சொல்கிறாள். "நாகர்கோவில் மண்டி", "உரக்கடை", "குட்டியானை டிரைவர்". என் பெயருக்கு என்ன போட என்று பையன் கேட்டதற்கு, "அவன் நம்பர் எனக்கு மனப்பாடம்ல" என்றாளாம்.

ஆகஸ்ட் 28, வியாழன்

லீவு போட்டேன். ஏழு மணிக்குக் குட்டியானை வந்தது. ஆள் இரண்டு பேர், தராசோடு. அவர்களோடு வந்த ஏஜெண்ட் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, காற்றில் தார் அடிபட்டிருக்கிறது, மார்க்கெட்டும் இறங்கிவிட்டது, கிலோவுக்கு நாலு ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அம்மா இடுப்பிலிருந்து ஃபோனை எடுத்தாள். பையன் சொல்லிக்கொடுத்தபடி பெயரைத் தேடி அமுக்கி, ஸ்பீக்கரில் போட்டாள். நாகர்கோவில் மண்டிக்காரர் விலை சொன்னது வரப்பு வரைக்கும் கேட்டது.

"இன்னும் ஒரு தாரும் வெட்டல பாத்தியளா. மரத்துல கெடந்தா எனக்கென்ன?"

ஏஜெண்ட் தன் ஃபோனை எடுத்துக்கொண்டு கிணற்றுப்பக்கம் போய்ப் பேசிவிட்டு வந்தார். ஒரு ரூபாய் மட்டும் குறைத்துப் பேசி முடிந்தது. அறுபத்திரண்டு தார்.

ரீசார்ஜ் செப்டம்பர் 20 வரைக்கும் இருக்கிறது.