3 மலை, 18 பேர், ஒரு பகல்

ஸ்க்ராம்ப்ளிங்னா என்னன்னு எங்க வீட்டுல இன்னும் யாருக்கும் வெளங்கல. சும்மா நடக்குறதுக்கும் கயிறு கட்டி ஏறுறதுக்கும் நடுவுல, கையையும் காலையும் ஊண்டி பாறையில ஏறிப் போறது, அவ்வளவுதான். "அதத்தான ஆடு மேய்க்கிறவய்ங்க காலங்காலமா செய்றாய்ங்க, அவய்ங்களுக்கு யாரு சம்பளம் குடுத்தா"ன்னு அப்பா கேட்டாரு, பதில் சொல்ல முடியல. மதுரையில இந்த மாதிரி ஆளுகள மலைக்குக் கூட்டிட்டுப் போற சின்ன கம்பெனி ஒன்னுல 2019-லருந்து வேலை பாக்குறேன். பாதி வேலை மலையில இல்ல, பேப்பர்லதான். ரூட் போடுறது, நேரம் போடுறது, அனுமதி கேக்குறது.

ஒரு ஜனவரில, பொங்கல் முடிஞ்சதும் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிலருந்து கேட்டாங்க, 18 பேரு, ஒரே நாள், எத்தன மலை முடியுமோ அத்தன மலைன்னு. வெளிநாட்டுல ஒரு முகட்டுலருந்து அடுத்த முகட்டுக்குன்னு நாள் முழுக்க கோத்துக்கிட்டே போவாங்கல்ல, அந்த வீடியோ எதையோ பாத்துருக்காங்க போல. வேல்ஸ்ல கிரிப் கோக்னு கத்தி மாதிரி ஒரு முகடு இருக்கு, 923 மீட்டரு, அதுலருந்து நேரா அடுத்த உச்சிக்குப் போயிரலாம். நம்ம ஊர்ல அப்படிக் கெடையாது, ஒரு மலைய விட்டு எறங்கி வயக்காடு, கம்மாக்கரை, டீக்கடை எல்லாம் தாண்டித்தான் அடுத்தது. நாகமலை முதுகுமேலயே நீளமா நடக்கலாமேன்னு எனக்கு ஒரு ஆசை இருந்துச்சு, ஆனா அனுமதி கேட்டு அலையவேண்டி வரும், நாளும் பத்தாது. தேனிப் பக்கம் குரங்கணில 2018 மார்ச் 11 காட்டுத்தீயில மலையேறப் போனவங்க 20 பேருக்கு மேல செத்துப்போனதுக்கு அப்பறம்தான் மலையேத்தத்துக்குன்னு அரசு தனியா விதி கொண்டு வந்துச்சு. அத வெறும் பேப்பர் தொல்லைன்னு யாராவது சொன்னா எனக்கு கோவம் வரும்.

சரின்னு கீழக்குயில்குடி சமணர் மலை, முத்துப்பட்டி பெருமாள்மலை, கொங்கர் புளியங்குளம்னு மூணையும் கோத்தேன். மூணும் மதுரைக்கு மேக்கால ஒரே வாக்குல இருக்கு, வேன் ஓட்டம் கம்மி. நேரக் கணக்குக்கு நெய்ஸ்மித் கணக்குன்னு ஒன்னு இருக்கு, 1892-ல ஒரு ஸ்காட்லாந்துக்காரர் போட்டது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏத்தத்துக்கு இன்னொரு மணி நேரம். பாவம், அவருக்கு மதுரை வெயிலத் தெரியாது. நானும் அதுல கொஞ்சம் கூட்டிப்போட்டு, காலைல முத்துப்பட்டி, பத்து மணிக்கு சமணர் மலை, மத்தியானம் சாப்புட்டு கொங்கர் புளியங்குளம்னு எழுதி, கலரெல்லாம் அடிச்சு ஒரு அட்டவணை போட்டுட்டேன், பாக்க அவ்வளவு அழகா இருந்துச்சு.

எங்களுக்கு வழி காட்ட ஒரு அண்ணன் வருவாரு, அந்தப் பக்கம் ஆடு வச்சிருக்காரு. அவருகிட்ட அட்டவணையப் படிச்சுக் காட்டுனா, சமணர் மலைல சிற்பம் இருக்குற பேச்சிப்பள்ளத்துக்கு பத்து மணின்னதும் சிரிச்சாரு. "அது கெழக்கத்திச் சூரியன மூஞ்சில வாங்குற பாறை தம்பி. பத்து மணிக்கு கைய வச்சா தோசைதான்." கை வைக்காம ஏறலாம்னா அப்பறம் அது என்ன ஸ்க்ராம்ப்ளிங். தை மாசம் சூரியன் தெக்க சாஞ்சு வேற போகும், தென்கெழக்க பாத்த பாறைதான் மொதல்ல சுடும். அதே மலைல இருக்குற செட்டிப்புடவு குகை தென்மேக்கு, அங்க ஒம்போது மணிக்கும் நெழலு இருக்கும். நான் மலைக்கு மலை தூரம் பாத்திருந்தேன், அவரு பாறைக்குப் பாறை நெழலு பாத்தாரு. அட்டவணையக் கிழிச்சுப் போட்டுட்டு மறுபடி எழுதுனேன்.

எழுதயில இன்னொன்னு பிடிபட்டுச்சு. இந்த மூணு மலையிலயும் சமணத் துறவிக இருந்த எடமெல்லாம் நமக்கு மத்தியானம் ஒதுங்க வேண்டிய எடம். பெருமாள்மலைக் குகைய எடுத்துக்கங்க, உள்ள கற்படுக்கை, தமிழிங்கிற பழைய தமிழ் எழுத்து, வாய்ல மழைத்தண்ணி உள்ள எறங்காம இருக்க பாறையிலயே காடி வெட்டிருக்கு. அவங்க வெயிலுக்கும் மழைக்கும் எடம் பாத்துத்தான் உக்காந்துருக்காங்க. அப்ப பகல் 11-லருந்து 3 வரைக்கும் குகை நெழலு, அதுக்கு முன்னயும் பின்னயும் பாறைன்னு நாளைப் பிரிச்சேன். இது எங்க வேலையில நான் போட்ட உருப்படியான கணக்குல ஒன்னுன்னு இன்னைக்கும் சொல்லுவேன். ஒரு கண்டிப்பு மட்டும் உண்டு, சிற்பம் கல்வெட்டு இருக்குற பாறைப் பக்கம் ஏறவே கூடாது, அங்க படிக்கட்டுலதான் போகணும். ஏற்கனவே காதலர் பேரெல்லாம் செதுக்கி வச்சிருக்கிற அசிங்கம் போதும்.

அன்னைக்கு காலைல 6:15-க்கு சமணர் மலை அடிவாரத்து அய்யனார் கோயில் ஆலமரத்தடில கூடியாச்சு. பேச்சிப்பள்ளத்துல தீர்த்தங்கரர் சிற்பம் மேல மொத வெயிலு விழுகையில ஒரு பய பேசல, போனகூட எடுக்கல. அதுக்கும் மேல 9-ஆம் நூற்றாண்டு மாதேவிப் பெரும்பள்ளிங்கிற சமணப் பள்ளியோட அடித்தளம், உச்சில தீபத்தூண், அதுகிட்ட கன்னடக் கல்வெட்டு, அதெல்லாம் பாத்துட்டு 8:45-க்கு கீழ. செட்டிப்புடவு அண்ணன் சொன்ன மாதிரியே குளுகுளுன்னு. 11 மணிக்கு பெருமாள்மலைக் குகைல புளியோதரையும் தயிர்சாதமும். எல்லாம் நேரத்துக்கு நடக்குது, எனக்கு தலைகால் புரியல.

மூணு மணிக்கு குகைய விட்டு தள்ளி வெறும் பாறைப் பக்கமா ஏற ஆரம்பிச்சோம். அதுல ஒரு எடுக்கு, அதாவது செங்குத்தா ஏறவேண்டிய எடம், ஒரு ஆளு ஒசரம்தான், ஒரு கையி மேல பிடிச்சு மொழங்கால மடக்கி எந்திரிக்கணும். ட்ரையல் போனப்ப நானும் அண்ணனும் நாலு நிமிசத்துல தாண்டிட்டோம். அதனால பேப்பர்ல அதுக்கு நாலு நிமிசம். இப்ப 18 பேரு, ஆளுக்கு கயிறு மாட்டி, பயந்தவங்களுக்கு தைரியம் சொல்லி, கால் வைக்கிற எடத்தக் காட்டி, கயித்தக் கழட்டி கீழ போட்டு, மூணு மூணு நிமிசம். ஏறவே 54 நிமிசம். எறங்குறதுக்கு அதவிடக் கூட, ஏன்னா எறங்கயில கால் வைக்கிற எடம் கண்ணுக்குத் தெரியாது, பாதிப்பேரு உக்காந்து பேண்ட் தேயத்தான் வந்தாங்க. கீழ நிக்கிற 17 பேரும் வெயில்ல சும்மா நிக்கிறாங்க, அதயும் நான் யோசிக்கல. மலையெல்லாம் சரியா எழுதுனவன் க்யூவ எழுதல.

அடிவாரத்துக்கு வர்றப்ப மணி 5:35. பொழுது சாய முக்கா மணி நேரம்தான் இருக்கு. அண்ணன் ஒன்னும் சொல்லாம என்னையப் பாத்தாரு. நான் கொங்கர் புளியங்குளம் இல்லன்னுட்டேன். டீம் லீடருக்கு மொகம் மாறிருச்சு, "மூணு மலைக்கு காசு வாங்கிட்டு ரெண்டு காட்டுறீங்களா"ன்னாரு. எங்க முதலாளியும் போன்ல "அரைமணி நேரம் டார்ச் அடிச்சுக் காட்டிட்டு வந்துருக்கலாம்ல"ன்னாரு. பில்லுல கொஞ்சம் புடிச்சாங்க, என் சம்பளத்துலயும் அது வந்து விழுந்துச்சு. ஒறுத்துச்சுதான். ஆனா அந்த எடுக்குல கால் நடுங்குனவங்கள இருட்டுல இன்னொரு பாறையில ஏத்துறதுக்கு எனக்கு மனசு வரல.

இப்ப நான் ட்ரையல் போறப்ப மலையோட ஒசரத்த எழுதுறதுக்கு முன்னாடி எடுக்கு எத்தனன்னு எழுதுறேன், பக்கத்துலயே ஆள் கணக்கப் பெருக்கிப் போடுறேன். எட்டு பேருக்கு மேலன்னா ரெண்டு மலைக்கு மேல ஒத்துக்குறதில்ல, முதலாளி மொனங்குவாரு.

மூணாவது மலைக்குன்னு எடுத்து வச்ச ரெண்டு கேன் தண்ணி வேன்லயே கெடந்துச்சு. கீழக்குயில்குடில எறங்கயில அண்ணன் அதத் தூக்கிட்டுப் போயி ஆட்டுத் தொட்டில ஊத்துனாரு.