சேற்றுக் கோடு

கடல்வெள்ளத்தைக் காட்டும் தொடர் என்றதும் தயாரிப்பாளர் முதலில் கேட்பது அந்தப் பெரிய அலையைத்தான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எடுப்பதானால் அந்த ஆசையைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கலாம். இந்த ஊரில் வெள்ளம் பெரும்பாலும் முதுகுப் பக்கமிருந்து வருகிறது. 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு ஸ்பிரிங்ஃபீல்டு தோட்டக்காரர்களை வாரிக்கொண்டது. படவட்டன் அறுவர் என்று இன்றும் பேசப்படும் மீனவர்கள் படகிறக்கி 170 பேருக்கு மேல் கரைசேர்த்தது அப்போதுதான். 2022 ஏப்ரல் 11, 12-இல், சித்திரைப் பிறப்புக்கு முன்னால், வந்ததும் மழைவெள்ளமே. கடலின் பங்கு வேறு: ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்றம்) ஏறும்போது முகத்துவாரத்தில் ஆறு தேங்கும். இரண்டு ஓத உச்சங்களுக்கு நடுவே 12 மணி 25 நிமிடம்; பாதி வழியில் கடல் வற்றியிருக்கும். அதிகாலை 3 மணிக்கு ஓதம் உச்சம் என்று எழுதிவிட்டு, 9 மணிக் காட்சியிலும் கடல் தளும்பினால் கரையோரத்து ஆட்கள் சிரித்துவிடுவார்கள்.

செட்டுக்கு வருவோம். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர், ஒரு மீட்டர் அகலச் சுவரைச் சுமார் 500 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். பிளைவுட் சுவர் வளைந்து ஆணி பிதுங்குவது இதனால்தான். சுவருக்கு முட்டுக்கொடுத்தால் மட்டும் போதாது. அடியில் துளை விட்டு இரு பக்கமும் ஒரே மட்டத்தில் தண்ணீர் நிற்க விட்டால் தள்ளுவிசை சமமாகிவிடும்.

அடுத்த தொல்லை நிறம். சாயம் கலந்தால் தண்ணீர் தேநீர் மாதிரி தெளிவாக நிற்கும், கலங்காது. நுண்ணிய களிமண் வேண்டும்; அதுவோ பம்ப் வடிகட்டியை அடைக்கும். நடிகர்களுக்காகக் குளோரின் போட்டால் காலையில் கரைத்த சாயம் மாலைக்குள் வெளுக்கும். டர்பனின் பெரியா செம்மணல் நிறத்தைக் காலையில் ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து வைத்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் ஒத்துப்பார்ப்பதே எளிய வழி.

சேலையை மறக்கக்கூடாது. நனைந்த ஐந்தரை மீட்டர் துணி காலைச் சுற்றி ஆளைக் கவிழ்க்கும். கொசுவத்தைத் தைத்துவிட வேண்டும். உள்ளே நீச்சலுடை, கையிருப்பில் நான்கு பிரதிகள். நனைந்த செட் மறுபடி காயாது. ஆகவே உலர்ந்த காட்சிகள் முதலில், பிறகு ஏறும் தண்ணீர், கடைசியில் சேறு.

என்னைக் கேட்டால், அலைக்குப் போகும் பணத்தில் பாதியைச் சேற்றுக்குக் கொடுக்கலாம். வெள்ளம் வடிந்த வீட்டுச் சுவரில் நிற்கும் சேற்றுக் கோடு எப்போதும் கிடைமட்டம். கொத்தனாரின் டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) பிடித்துத்தான் வரைய வேண்டும். தெரு சரிந்தால் ஒரு வீட்டில் முழங்கால், அடுத்ததில் இடுப்பு. கோடு மட்டும் அதே மட்டம். சாமி படத்தைக் கழற்றும் காட்சி இருந்தால் அதன் பின்சுவரிலும் கொஞ்சம் சேறு ஒழுக விடுங்கள். சுத்தமான சதுரம் கேமராவில் பளிச்சென்று தெரியும்.