சேர் சொன்ன படம்

எங்களுக்கு ஆங்கில இலக்கியம் படிப்பித்த சேர் படம் காட்டமாட்டார், படம் சொல்லுவார். உயர்தர வகுப்பில் அந்தப் பாடம் எடுத்தவர்கள் நாங்கள் ஐந்தாறு பேர்தான். ஆனால் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் சேர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டார் என்று தெரிந்தால், விஞ்ஞானப் பிரிவுப் பெடியன்களும் ஆய்வுகூடத்திலிருந்து நழுவிவந்து பின்வாங்கில் நெருக்கியடித்து இருப்பார்கள். எண்பதுகளின் நடுப்பகுதி. மட்டக்களப்பு ரவுணில் வீடியோ ஓட்டுகிற டெக்கையும் ரீவியையும் ஓரிரவுக்கு வாடகைக்கு எடுத்து, விடிய விடியப் படம் பார்த்துவிட்டுக் கண் சிவக்கப் பள்ளிக்கு வருகிற காலம். பார்த்த படத்தைச் சேருக்குச் சொல்ல வெளிக்கிட்டால் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுவார். "ஆர் செத்தது, எப்பிடிச் செத்தது எண்டு சொல்றாய். செத்த ஆள் எப்பிடிப்பட்ட ஆள் எண்டு இன்னும் சொல்லல்லையே" என்பார்.

அவர் சொன்ன படங்களில் எனக்கு இன்றைக்கும் மறக்காதது திகில்பட இயக்குநர் ஹிட்ச்கொக் 1960இல் எடுத்த 'சைக்கோ'. கொழும்பில் இளந்தாரியாக இருந்தபோது பார்த்தாராம். 40,000 டொலரைக் களவெடுத்துக்கொண்டு காரில் போகிற பெண், மழை இரவு, ஆளில்லாத ஒரு விடுதி, கூச்ச சுபாவமுள்ள விடுதிக்காரப் பெடியன் என்று ஆறுதலாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பேர்போன குளியலறைக் கொலை வந்ததும் மூன்று வசனத்தில் முடித்துவிட்டார். "குளிக்கப் போனாள். திரைக்குப் பின்னால ஒரு நிழல். செத்துப்போனாள்." அவ்வளவுதான். பின்வாங்குக்காரர்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

அதற்குப் பிறகுதான் சேர் வேகத்தைக் குறைத்தார். அந்தப் பெடியன் வாளியும் துடைப்பமும் கொண்டுவந்து குளியலறையைக் கழுவுகிறான். தொட்டியைத் துடைக்கிறான். உடலைக் குளியல் திரையில் சுற்றி அவளுடைய காரின் பின்பெட்டியில் வைக்கிறான். காசு சுற்றியிருந்த பத்திரிகையை, உள்ளே இருப்பது என்னவென்றே தெரியாமல், அதையும் தூக்கிப் போடுகிறான். காரைச் சதுப்புக்குள் தள்ளிவிட்டுக் கரையில் நிற்கிறான். கார் தாழுது. இன்னும் தாழுது. பாதியில் நிண்டிட்டு. சேரும் நின்றுவிட்டார். வகுப்பில் மூச்சுச் சத்தம் இல்லை. "பிறகு மெள்ளத் தாண்டுபோச்சு" என்று அவர் சொன்னதும் பின்னால் ஒருவன் "அப்பாடா" என்றான்.

சேர் அவனைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "ஆருக்காகடா மனே மூச்சு விட்டாய்?"

எங்களுக்குக் கதை பிடிபட அரை நிமிடம் எடுத்தது. பத்து நிமிடத்துக்கு முதல் வரைக்கும் அந்தப் பெண்ணுக்காகப் பதைத்தவர்கள் நாங்கள். இப்போது அவளுடைய பிணம் தண்ணீருக்குள் தாழவேண்டுமென்று நேர்ந்துகொண்டு இருந்திருக்கிறோம். எந்தக் கத்தியும் எங்களை அந்த இடத்துக்குக் கொண்டுபோயிருக்காது.

சில மாதம் கழித்து ஒரு நண்பனின் வீட்டில் அந்தப் படத்தின் வீடியோக் கொப்பி ஒன்று கிடைத்தது. திரை முழுக்கப் புள்ளியும் கோடும். பார்த்துவிட்டு வந்தவர்களிடம் சேர் குளியலறைக் காட்சியில் கண்டதை எழுதச் சொன்னார். ஒருவன் 'சிவப்பு இரத்தம் சுழன்று ஓடியது' என்று எழுதிவிட்டான். படமோ கறுப்பு வெள்ளை! அவனைக் கேலி செய்து தீர்த்தோம். ஆனால் சேர் அவனுக்குத்தான் கூடிய புள்ளி போட்டார்.

அந்த இரத்தம் உண்மையில் சொக்கலேட் பாகு என்பதை இங்கே லண்டனுக்கு வந்து நூலகத்தில் வாசித்துத்தான் அறிந்தேன். முக்கால் நிமிடக் கொலைக்கு ஏழு நாள் படப்பிடிப்பு. கத்திச் சத்தத்துக்கு முலாம்பழத்தைக் குத்தியிருக்கிறார்கள். ஹிட்ச்கொக் முதலில் அந்த இடத்துக்கு இசையே வேண்டாமென்றாராம். இசையமைப்பாளர் பேர்னார்ட் ஹேர்மன் கேட்காமல் வயலின்களைக் கிரீச்சிட வைத்துக் காட்டிய பிறகுதான் மனம் மாறினார். கத்தி தசைக்குள் இறங்குவதைப் பார்த்தோம் என்று சத்தியம் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்தது படத்தொகுப்பும் சத்தமும்தான்.

அந்தக் காலத்தில் இன்னொரு வகைக் கொப்பியும் ரவுணில் சுற்றியது. நாங்கள் வைத்த பெயர் 'கோடாலிப் படம்'. முகமூடி போட்டவன் வருவான், இளசுகளை ஒவ்வொருவராக வெட்டுவான். கடைக்காரர் மேசைக்குக் கீழேயிருந்து எடுத்துத் தருவார். அன்றிரவு கண்ணைப் பொத்திக்கொண்டு விரல் இடுக்கால் பார்த்தோம். அடுத்த நாள் மைதானத்தில் துடுப்பைக் கோடாலியாக்கி ஒருவரையொருவர் துரத்திச் சிரித்தோம். யார் எப்படிச் செத்தான் என்று போட்டிபோட்டுச் சொன்னோம். செத்தவர்களின் பெயர் ஒன்றுகூட எவருக்கும் ஞாபகமில்லை. சதுப்புக் காரை வைத்து யாரும் விளையாடவில்லை.

இந்த இடத்தில் நம்மூர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் விட்டால் இந்த மலரைத் தொகுக்கிற குழு என்னை மன்னிக்காது. அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா. பள்ளிச் சுற்றுலா போன இடத்தில் ஆங்கில இயக்குநர் டேவிட் லீன் 'குவாய் நதிப் பாலம்' படத்தை எடுத்துக்கொண்டிருந்ததையும், அவர் 'மழை' என்று குரல் கொடுத்ததும் மழை கொட்டியதையும், அன்றே இயக்குநராக வேண்டுமென்று தோன்றியதையும் அவரே சொல்லியிருக்கிறார். பின்னாளில் அவர் மழைக்குப் பதில் பனியைக் கூப்பிட்டார். 1980இல் வந்த 'மூடுபனி'யில் கொலைகாரன் சந்துரு சிறுவயதுக் காயம் ஆறாதவன். 'சைக்கோ'வின் சாயல் படத்தில் உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் சந்துருவாக வந்த பிரதாப் போத்தனின் அந்த மிருதுவான முகமும், ஊட்டிக் குளிரும், கடத்திவரப்பட்ட ஷோபாவின் கண்களும் பாலு மகேந்திராவின் சொந்தச் சரக்கு. படம் திரைக்கு வருமுன்பே ஷோபா இறந்துவிட்டார் என்பது தெரிந்து பார்க்கிறவர்களுக்கு அந்தக் கண்கள் இன்னும் கனக்கும்.

இளையராஜாவுக்கு அது நூறாவது படம். 'என் இனிய பொன் நிலாவே' அதில்தான் வருகிறது. இங்கே எந்தக் கல்யாண வீட்டிலும் கிற்றார் வைத்திருக்கிற ஒரு தம்பி அதைப் பாடாமல் விடுவதில்லை, மாப்பிள்ளையும் பெண்ணைப் பார்த்துச் சிரிப்பார். படத்தில் அதைப் பாடுவது ஒரு கொலைகாரன், தான் பிடித்துவைத்திருக்கிற பெண்ணுக்கு. யேசுதாசின் குரலில் ஒரு குறையும் இல்லை. அதுதான் பயம்.

எங்கள் தலைமுறைக்கு இந்த விஷயத்தில் வேறொரு கணக்கும் இருக்கிறது. வயதுக்கு வருமுன்பே பிணம் பார்த்தவர்கள் நாங்கள். அதை இங்கே விரிக்க விருப்பமில்லை. ஆனால் லண்டனில் கூட வேலை செய்கிறவர்கள் இரத்தக் காட்சிக்கு முகத்தைத் திருப்பும்போது நான் சும்மா இருப்பேன். என்னை நெளியவைப்பது வேறு. திரையில் ஒரு வீடு, இரவு, வெளியே வாகனமொன்று வந்து நிற்கிறது, எஞ்சினை நிற்பாட்டுகிறார்கள். கதவு தட்டப்படுமுன்பு வருகிற அந்தக் கொஞ்ச நேரம். ஊரில் அந்தப் போர்க்காலத்தில் இரவுகளைக் கழித்த எவருக்கும் நான் மேற்கொண்டு சொல்லவேண்டியதில்லை.

என் வகுப்புத் தோழன் ஒருவன், இப்போது இங்கே மருத்துவமனையொன்றில் விபத்துப் பிரிவு மருத்துவன், கொலையைக் காட்டாமல் விடுவதுதான் மேல் என்பதை ஏற்கமாட்டான். "காட்டாமல் விட்டால் கொலை அழகாயிடும்டா" என்பான். "கழுத்தை நெரிச்சா எவ்வளவு நேரம் எடுக்கும், எவ்வளவு அசிங்கமாயிருக்கும் எண்டு சனத்துக்குத் தெரியவேணும். நிழலையும் வயலினையும் வைச்சு ஏமாத்திறது பொய்." அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவனுக்கு நான் பதிலாகச் சொல்வது ஹிட்ச்கொக்கின் 'பிரென்சி'. 1972இல் வந்த படம். கொவென்ற் கார்டன் அப்போது மரக்கறி, பழச் சந்தை. கொலைகாரன் அங்கே பழ வியாபாரி, கழுத்துப்பட்டியால் பெண்களை நெரிப்பவன். முதல் கொலையை முழுசாகக் காட்டுகிறார். நீளமானது, அருவருப்பானது, இரண்டாம் தரம் பார்க்க மனம் வராது. என் நண்பன் கேட்பது அதில் அப்படியே இருக்கிறது.

பிறகு இன்னொரு பெண்ணை அவன் நட்பாகப் பேசித் தன் அறைக்குக் கூட்டிப்போகிறான். கமரா அவர்களுக்குப் பின்னாலேயே படியேறுகிறது. கதவு திறக்கிறது, இருவரும் உள்ளே போகிறார்கள், கதவு சாத்துகிறது. கமரா உள்ளே போகவில்லை. ஒரு சத்தமும் இல்லாமல் வந்த வழியே படியால் பின்வாங்கி இறங்கி, நடைவழியைத் தாண்டி, வாசலால் வீதிக்கு வருகிறது. சந்தை இரைச்சல் கிளம்புகிறது. உருளைக்கிழங்கு மூட்டையோடு ஒருவன் குறுக்கே போகிறான். மேல்மாடி யன்னல் தெரிகிறது. அங்கே என்ன நடக்கிறதென்று நமக்குத் தெரியும், முதல் கொலையை நாம் பார்த்திருக்கிறோமே. வீதியில் போகிறவர்களுக்குத் தெரியாது. அந்த வீடு ஹென்ரியெட்டா வீதியில் இருக்கிறது. வேலைக்குப் போகவர அந்தப் பக்கம் நடப்பவன் நான். சுற்றுலாக்காரர் ஐஸ்கிரீம் குடித்துக்கொண்டு நிற்பார்கள்.

ஆக, ஒரு தரம் காட்டினார், மறு தரம் காட்டாமல் விட்டார். முதலாவது இல்லாவிட்டால் இரண்டாவது வெறும் படிக்கட்டு. இதைச் சொன்னால் நண்பன் கொஞ்சம் இறங்கிவருவான். "அப்ப முதலாவதை ஒத்துக்கொள்றாய்தானே" என்று அதையும் தன் கணக்கில் வரவு வைப்பான்.

இப்போதைய தமிழ்ப் படங்களைப் பார்க்கிறபோதும் இதே அளவுகோல்தான் கைக்கு வருகிறது. 2018இல் வந்த 'ராட்சசன்' நல்ல இறுக்கமான படம். சிறுமிகளின் சடலங்களைக் காட்டிய அளவு எனக்குக் கூடுதல். ஆனால் பரிசுப்பெட்டியைத் திறந்தால் சிதைத்த பொம்மைத் தலை இருக்கிற இடத்தில் நான் கதிரை விளிம்புக்கு வந்துவிட்டேன். பொம்மைக்கு இரத்தமேது? 1931இலேயே ஜெர்மன் இயக்குநர் பிரிட்ஸ் லாங் 'எம்' படத்தில் ஒரு குழந்தையின் கொலையை இப்படித்தான் சொன்னார். தாய் மகளைக் கூப்பிடுகிறாள், வெறும் மாடிப்படி, ஆளில்லாத சாப்பாட்டுக் கோப்பை, புதருக்குள்ளிருந்து உருண்டுவருகிற பந்து, கம்பியில் சிக்கிய பலூன். தொண்ணூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. பேத்தி பிறந்த பிறகு என்னால் அந்தப் படத்தைத் திரும்பப் போட முடியவில்லை.

எங்கள் சங்கத்தின் அடுத்த ஒன்றுகூடலில் படமொன்று திரையிடுவதாகச் செயற்குழுவில் பேச்சு அடிபடுகிறது. 'ராட்சசன்' என்று சிலர் சொல்கிறார்களாம். என் வாக்கு 'மூடுபனி'க்கு. சின்னப்பிள்ளைகளை வேறு அறையில் விளையாட விடுங்கள். கொத்துரொட்டியைப் படம் முடிந்த பிறகு போடச் சொல்லுங்கள், அந்தத் தகட்டுச் சத்தத்தில் ஒரு வசனமும் கேட்காது. பொன் நிலாப் பாட்டு வரும்போது, கிற்றார் தம்பிமார் உட்பட, எவரும் சேர்ந்து பாடக்கூடாது.